பதினெட்டுப் போத்தல் மின்னல்

நோபேட்டின் கட்டிலுக்குக் கீழே பன்னிரண்டு சாராயப் போத்தல்கள் நிற்பதைச் செபஸ்தியம்மா கண்டது, தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கொண்டுவந்த சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து எண்ணினாள். எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன.

நோபேட் கல்லடியில் றேடியோ திருத்துகிறவன். தாய் தகப்பன் இல்லை. அடுத்த வீட்டுச் செபஸ்தியம்மாதான் அவனுக்குச் சோறு கொடுப்பவள். பெண் பார்த்தவளும் அவளே. பெண் மார்கிறட். அவளுடைய தகப்பன் இராயப்பு கோயில் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். குடிகாரன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "பொடியன் ஒரு சொட்டும் தொடமாட்டான், அண்ணன். அதுக்கு நான் பொறுப்பு" என்று செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் சொல்லியிருந்தாள். கலியாணப் பேச்சு அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றது.

போத்தல்கள் எதற்கென்று நோபேட் சொல்லாமல் இல்லை. பெரிய வெள்ளியன்று நடக்கும் திருப்பாடுகள் நாடகத்தில் ஆண்டவர் உயிர்விடும் கட்டத்துக்கு மின்னல் வேண்டும். அதுவரை பந்தத்தில் குங்கிலியத் தூள் வீசித்தான் மின்னல் காட்டினார்கள். போன வருடம் அதில் ஒரு போர்ச்சேவகனின் மீசை கருகிப்போனது. மின்சாரத்திலேயே மின்னல் செய்துதருகிறேன் என்று நோபேட் ஏற்றுக்கொண்டான். கைப் பருமனில் ஒரு மட்டை உருளையில் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி நிறுத்தினான். அதன் தலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பொறி பறந்தது. நாடகத்தை நடத்துகிற இராயப்பு வந்து பார்த்து, முன் வாங்கில் இருக்கிறவனுக்குத்தான் இது தெரியும், ஒரு முழமாவது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறி நீளவேண்டுமென்றால் சுருள் பெருக்கவேண்டும். கொக்கட்டிச்சோலையில் நெல் ஆலை மோட்டர் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதன் கம்பியைக் கழற்றி, வார்னிஷ் பூசி, இடுப்பளவு உருளையில் சுற்றினான். பெரிய சுருள் பெரிய ஊஞ்சல் மாதிரி, மெதுவாகத்தான் ஆடும், தள்ளுவதற்குப் பலமும் கூட வேண்டும், அந்தப் பலத்தைச் சேர்த்துவைப்பதற்குத்தான் போத்தல் என்று செபஸ்தியம்மாவுக்கு விளக்கினான். உள்ளே உப்புத் தண்ணீர். வெளியே தேயிலைப் பெட்டி ஈயத்தாள். வாயில் கொஞ்சம் எண்ணெய். சின்னச் சுருளுக்கு நாலு போத்தல் போதும், இதற்குப் பன்னிரண்டு.

செபஸ்தியம்மா தலையாட்டிக் கேட்டாள். நம்பவில்லை. அவளுடைய மனுசனும் இப்படித்தான் ஒருமுறை பூச்சிமருந்து என்றார், ஒருமுறை இருமல் கசாயம் என்றார், கடைசியில் குடியாலேயே போய்ச் சேர்ந்தார். ஒளித்துவைக்கிற வித்தை அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஈயத்தாள் சுற்றியது போத்தலின் பெயரை மறைக்க. எண்ணெய் மிதக்கவிட்டது மணம் வெளியே வராமல் இருக்க. வேறு எதற்கு?

ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்டால் பிள்ளை வெட்கப்பட்டுப் போவான் என்று அவனிடமும் கேட்கவில்லை. அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பன்னிரண்டையும் வாழையடியில் ஊற்றினாள். நன்றாக அலசிக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினாள். அவன் மனம் நோகக்கூடாதென்று எண்ணெயும் விட்டாள். போத்தலுக்கு ஒன்றாக மாதாவை வேண்டிப் பிரியதத்த மந்திரம் சொன்னாள்.

அன்று பின்னேரம் பெரிய சுருளின் தலையில் இரண்டு விரல் நீளத்துக்குத்தான் பொறி வந்தது. நோபேட் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான். பிறகு, சுருள் இன்னும் பெருக்கவேண்டும் என்று முடிவெடுத்து நெஞ்சளவுக்குச் சுற்றினான். அதற்குப் பதினெட்டுப் போத்தல். மிச்ச ஆறையும் போத்தல் வியாபாரி ஹமீட் பட்டப்பகலில் சாக்கோடு கொண்டுவந்து இறக்க, நோபேட் பதினெட்டையும் புதிதாக நிரப்பிவைத்தான். செபஸ்தியம்மா ஆண்டவரைக் கூப்பிட்டபடி மறுபடியும் வாளியைத் தூக்கினாள். இம்முறை பொறி ஒரு விரலுக்கு வந்துவிட்டது.

"சுருள் பெருத்தாப் பொறி நீளணும், மாமி. இது பெருக்கப் பெருக்கக் குறுகுது. நான் எங்கயோ பிழை விட்டிரிக்கன்" என்றான் நோபேட். சோற்றையும் பாதியில் வைத்துவிட்டான். குடியை விட்டவனுக்கு முதல் கிழமை சோறு இறங்காது என்று செபஸ்தியம்மா மனதுக்குள் ஆறுதல்பட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் பொறியைப் பார்க்க இராயப்பு வந்தார். வந்தவர் வாசலைத் தாண்டவில்லை. பதினெட்டுப் போத்தலும் வரிசையாக அவர் கண்ணில் பட்டன.

"தங்கச்சி, இதுக்கா நீங்க பொறுப்பு எண்டு சொன்னீங்க?"

நோபேட் வாயெடுக்குமுன் செபஸ்தியம்மா முந்திக்கொண்டாள். "அதில ஒண்டும் இல்ல, அண்ணன். எல்லாம் எங்கட கிணத்துத் தண்ணி. நான்தான் ஊத்தின." ஒரு போத்தலை எடுத்து, மிதந்த எண்ணெயோடு மடமடவென்று குடித்தும் காட்டினாள்.

நோபேட் அவளையே பார்த்தான். "கிணத்துத் தண்ணியா? மாமி, நான் உப்பெல்லோ கரைச்சு ஊத்தி வச்சிருந்தன்."

செபஸ்தியம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டாள். கட்டிலுக்குக் கீழே எண்ணியதிலிருந்து வாழையடி வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "உன்னக் குடிகாரன் எண்டு நெனச்சிட்டன், மனே" என்று முடித்தாள்.

அவன் கோபிப்பான் என்று காத்திருந்தாள். அவனோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பன்னிரண்டும் பதினெட்டும். "முப்பது போத்தலுக்கும் நீங்களே தண்ணி அள்ளினீங்களா, மாமி? அந்த இடுப்பு நோவோட?" என்பது ஒன்றுதான் அவன் கேட்ட கேள்வி. பிறகு, நல்ல தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது என்றும், கணக்கில் பிழையில்லை என்றும் இராயப்புவுக்கு எடுத்துச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது.

இராயப்பு குடையை மூலையில் சாத்தினார். வாளியைத் தானே எடுத்தார். செபஸ்தியம்மா தன் வீட்டு உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் சம்மணமிட்டிருந்து பதினெட்டையும் நிரப்பினார்கள். யன்னல்களைச் சாத்தியபின் நோபேட் சுவிச்சைப் போட்டான். படபடவென்று வீடு அதிர்ந்தது. ஊதா நிறத்தில் ஒரு கிளை காற்றில் முளைத்து, துழாவி, மறைந்து, மறுபடி முளைத்தது. இராயப்புவின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. பின்பு தூரத்தில் நின்றே முழங்கையை நீட்டி அளந்தார். முழத்துக்கு மேலே நாலு விரல் இருந்தது.

நோபேட் இரண்டடி தள்ளித்தான் நின்றான். ஆனாலும் இராயப்பு செபஸ்தியம்மாவைத்தான் பார்த்தார். பேச்சைக் கொண்டுவந்தவளிடம்தான் பதிலும் போகவேண்டும், அதுதான் முறை.

"தங்கச்சி, மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லுங்க. உயிர்த்த ஞாயிறு கழிஞ்ச மறு கிழமை கலியாணத்த வைப்பம். சந்தேகம் வந்த நேரத்திலயும் தண்ணி சுமந்து காப்பாத்த ஒருத்தி இரிக்கிற பொடியன், எங்கட வீட்டுக்கு வரட்டும்."

செபஸ்தியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நோபேட்டின் பக்கம் திரும்பி, அவன் காதாரக் கேட்டதை ஒரு சொல்லும் விடாமல் மறுபடி சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் எண்டு சொல்லுங்க, மாமி" என்றான். அவள் இராயப்புவின் பக்கம் திரும்பி அதையும் சொன்னாள்.