கட்டைக்குள் ஐம்பத்தாறு டிகிரி

கொழுந்தனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. சுற்றி வளைத்தால் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறும். பட்டறைக்கு வந்தவனை உட்காரவைத்து, டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“தம்பி, இந்த ஆர்டருக்கு கேஸ் வேண்டாம். சூட்டுலதான் பண்ணப் போறேன்.”

அவன் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

பட்டறை அவளுடையது. வெளிநாடு போகும் சரக்குக்கு அடியில் வைக்கும் மரத்தட்டுகளை, எல்லோரும் பேலட் என்று சொல்வதை, அங்கே அடித்துக் கொடுத்தார்கள். மரத்துக்குள் பூச்சியோ முட்டையோ இருந்தால் அக்கரையில் சரக்கோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பூச்சி கொன்றதற்கான முத்திரை இல்லாமல் எந்தத் தட்டும் கப்பலேறாது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து தட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, பூச்சியைக் கொல்லும் கேஸ் விடுவது கொழுந்தனின் வேலை. அது அவனுக்கே உரியது என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவனும்தான்.

புதிதாக வந்த வாடிக்கையாளர் குழந்தைகளுக்கான பால் பவுடர் அனுப்புகிறவர். எந்த முறை என்பதை அவளிடமே விட்டுவிட்டார். சரக்கு திரும்பி வரக்கூடாது, அவ்வளவுதான். அவள் கேஸ், சூடு இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தாள். கேஸ் என்றால் செலவு குறைவு, வீட்டு ஆளே செய்துவிடுவான். சூடு என்றால் மரத்தைச் சூடேற்றும் அறையை வாடகைக்கு எடுக்க வேண்டும், பலகை சில வளையும். ஆனால் மரம் புதிதாக அறுத்தது, ஈரம் இன்னும் விடவில்லை. கேஸ் விட்டால் பூச்சி சாகும், ஈரம் அப்படியே இருந்து வழியில் பூசணம் பிடிக்கும். அதன் மேல் ஏறப்போவதோ பச்சைக் குழந்தை குடிக்கிற பவுடர். கேஸ் முத்திரையைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற வாங்குபவர்களும் உண்டு. முடிவு எடுக்க அவளுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

இதையெல்லாம் கொழுந்தனிடம் சொன்னாள். “சொந்தக்காரன்னு பாக்கலையே அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான். லாரிக்கு டீசல் போட்டுவிட்டு வந்த அவள் கணவரிடம் அவன் நியாயம் கேட்டபோது, அவர்கள் இரண்டு பேர் விவகாரத்தில் தன்னை இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் லாரியிலேயே ஏறிக்கொண்டார்.

பக்கத்துத் தெருவில் மரம் உலர்த்தும் அறை ஒன்று இருந்தது. முத்திரை குத்தும் அனுமதியும் அந்த அறைக்காரரிடம் இருந்தது. தட்டுகளை அடுக்கி, தடித்த கட்டைகளில் துளையிட்டு உள்ளே வெப்பமானிக் கம்பியைச் செருகிக் கதவைச் சாத்தினார்கள். மரத்தின் நடுவில் ஐம்பத்தாறு டிகிரி வந்து, அங்கேயே அரை மணி நேரம் நிற்க வேண்டும். அறையின் காற்று எப்போதோ அதைத் தாண்டிவிட்டது. கடைசி மூலைக் கட்டை மட்டும் நாற்பதைத் தாண்டியதும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. அறைக்காரர் பொறுமை இழந்து, காற்றுதான் கொதிக்கிறதே, முத்திரை போட்டுவிடலாம் என்றார்.

“பூச்சி காத்துல இல்லீங்க, கட்டைக்குள்ள இருக்கு” என்று அவள் அதை அங்கேயே முடித்தாள்.

அப்போதுதான் கொழுந்தன் வந்தான். சூடு சொதப்பியதாக அண்ணன் வாயிலிருந்து கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான் என்பது அவன் கை கட்டி நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இல்லை. நேராகவே கேட்டாள்.

“எத்தனை அடுக்கு மூடியிருக்க நீ. இதுல என்ன தப்பு, சொல்லு.”

அவன் கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்து, அடுக்கைச் சுற்றி வந்தான். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

“இப்படி ஒட்டி ஒட்டி அடுக்கினா கேஸே போகாது அண்ணி. சூடு எப்படிப் போகும்? நடுவுல மூச்சு விட இடம் விடுங்க.”

எல்லாவற்றையும் இறக்கினார்கள். வரிசைக்கு வரிசை துண்டுக் கட்டை வைத்து, சுவரை ஒட்டாமல் புதிதாக அடுக்கினார்கள். எங்கே எவ்வளவு இடைவெளி என்று கொழுந்தன் கைகாட்ட, வேர்வையில் சட்டை நனைந்த அறைக்காரரும் தட்டுகளைத் தூக்கி வைத்தார். இந்த முறை மூலைக் கட்டை மெதுவாக என்றாலும் நிற்காமல் ஏறியது. ஐம்பத்தாறைத் தொட்டு, அரை மணி நேரமும் இறங்காமல் நின்றது. அதன் பிறகும் ஈரம் வற்றும்வரை கதவைச் சாத்தியே வைத்தார்கள். வளைந்த பலகைகளை அவள் கழித்துப் போட்டு, கூடவே சூடேற்றி வைத்திருந்த வேறு பலகைகளை அடிக்கச் சொன்னாள். அவள் கணக்குப் போட்டதைவிட வளைந்தவை குறைவாகவே இருந்தன.

சரக்கு போய்ச் சேர்ந்தது, திரும்பி வரவில்லை. வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரைப் போனிலேயே சொல்லிவிட்டார். அறைக்குள் நுழையாத பெரிய இயந்திரப் பெட்டிகள் வந்தபோது அவள் கொழுந்தனைத்தான் கூப்பிட்டாள். அவற்றுக்கு கேஸ்தான் சரி. தார்ப்பாயை மடித்துக்கொண்டே, சொந்தமாக ஒரு சூட்டறை வைத்தால் என்ன ஆகும் என்று அவன் கேட்டான்.

“விசாரிச்சு வச்சிருக்கேன்” என்றாள் அவள். “கூட்டுக்கு வர்றியா?”

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். கேட்டால் அவர் லாரியில் ஏறிவிடுவார் என்று அவள் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டினான்.