கிழித்துப்போட்ட இடது கால்கள்

டாக்டர் சத்யப்ரியா ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு என் மனைவியிடம் கேட்டார். "இடது காலை எத்தனை நாளா இழுத்து நடக்கிறீங்க?"

முத்துமீனா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தீபாவளி கழிச்சுத்தாங்க மேடம்."

கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை நசுக்குகிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இழுப்பு தொடங்கி மூன்று மாதத்துக்குள் என்றால் கால் பெரும்பாலும் தேறிவிடும், அதற்கு மேலே போனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். தீபாவளி முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மாள் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் நான் படம் போட்டுக் கிழித்த தாள்கள் நினைவுக்கு வந்தன.

அவனியாபுரத்தில் லேத் பட்டறையில் வேலை எனக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் தம்பி அழகுபாண்டி சமயநல்லூர் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். பைக்கை ஓட்டியது நான். எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. அதற்குப் பிறகு தூக்கம் போனது, கை நடுக்கம் வந்தது. இந்தக் கையோடு மெஷினில் நிற்காதே என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மனநல டாக்டர் மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்தார். ஒரு பிரஷ், படம் வரைகிற கறுப்பு இந்தியன் இங்க் ஒரு பாட்டில். நடக்கிற, குனிகிற ஆளைப் பார்த்து ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் ஒரு உருவம் போடவேண்டும். திருத்தக்கூடாது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் போடவேண்டும், மனசு சொல்வதைப் போடக்கூடாது. லேத் ஓட்டுகிறவனுக்கு எதற்கடா இந்தப் பவுசு என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. ஆனாலும் காலையில் மீனா துணி வாளியோடு மொட்டைமாடியைக் கடந்து கொடிக்குப் போவதைப் போட ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் கை நடுக்கம் நின்றது. பட்டறைக்கும் போனேன். அவள் நடை என்னைக் காப்பாற்றியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன ஆடியில் படத்தில் இடது காலின் கோடு கெடத் தொடங்கியது. பாதத்தில் முடியவேண்டிய கோடு பின்னால் வறண்ட வாலாக நீண்டுகொண்டே போனது. பட்டறையில் கடைந்த ஜாப் கோணலாக வந்தால் நாங்கள் டூலைத்தான் பார்ப்போம், இரும்பைக் குறை சொல்லமாட்டோம். பிரஷ்ஷை மாற்றினேன். இங்க்கை மாற்றினேன். அப்புறம் நடுக்கம் திரும்ப வருகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு பயத்தில் தாளைக் கிழித்தேன். இன்னொரு தடவை நட என்று அவளிடம் சொல்வேன். அவள் வாளியோடு திரும்பிப் போய் முதலிலிருந்து நடப்பாள். அந்தத் தடவை கோடு சரியாக வரும், தேதி போட்டு எடுத்துவைப்பேன். வீட்டு பீரோவில் இருக்கிற அத்தனை தாளிலும் அவள் கால் அழகாக எழுந்து நிற்கிறது. மற்றதெல்லாம் குப்பை வண்டியில் போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று நினைத்தேன். நினைத்தேன்தான், மறைக்கவில்லை. இரண்டு மாதம் என்று எழுதிவிட்டால் கால் தேறிவிடும் என்பதுபோல ஒரு கிறுக்கு ஆசை.

"ஆடியில இருந்துங்க மேடம்," என்றேன். "ஆறு மாசம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். மீனா என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். கால் இழுப்பது உனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும்," என்றாள். "தாளக் கிழிக்கையில ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல. திரும்பவும் அப்படி ஆயிருவீகளோன்னு பயம். ரெண்டாந் தடவ பல்லக் கடிச்சுத் தூக்கி வச்சா ஒங்களுக்குச் சரியா வந்துச்சு. தூக்கி வச்சேன்."

பாவி, அவள் வலியைத்தான் ஆறு மாதம் அழகு பார்த்து அடுக்கியிருக்கிறேன். தம்பியைப் போல இவளையும் நானே ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இந்த வாரமே ஆபரேஷன், மேலும் கெடாமல் தடுக்கலாம், போனது திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். அப்புறம் வராந்தாவில் கடைசி ஜன்னல்வரை செருப்பில்லாமல் நடந்துகாட்டச் சொன்னார்.

வராந்தாவைத் துடைக்கிற அம்மா பாதிவரை வந்திருந்தார். தரை ஈரமாக இருந்தது. வழுக்குமே என்று கையைப் பிடிக்கப் போனேன், டாக்டர் வேண்டாம் என்று தடுத்தார். மீனா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மொட்டைமாடியில் பார்ப்பாளே, அதே பார்வை. பல்லைக் கடிப்பது தாடையில் தெரிந்தது.

"தூக்காத மீனா," என்றேன். "அது வாரபடி வரட்டும்."

மீனா தாடையைத் தளர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வலது பாதம் பதிந்த இடமெல்லாம் ஐந்து விரலும் குதிகாலும் ஈரத்தில் தெளிவாக இருந்தன. அதன் பக்கத்தில் இடது பாதம் ஒரு நீளக் கோடு, இன்னொரு நீளக் கோடு என்று ஜன்னல்வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. துடைப்பானோடு நின்ற அம்மா அதன்மேல் மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.