பலே அண்ணாச்சி

பூதப்பாண்டிக் கோயில் மண்டபத்தில் முன்னால் இடம் காலியாகக் கிடந்தும் வைகுண்டராஜன் தூணோரத்துக் கடைசி வரிசை நாற்காலிகளைப் பார்த்து நடந்தபோது அவர் மனைவி முத்துக்கனி தயங்கித் தயங்கிப் பின்னால் போனாள். முப்பத்துநாலு வருடமாக மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்து கேட்டவர் என்று ஊரே சொல்லும். அவள் பார்த்ததில்லை. கச்சேரி என்று அவள் வந்தது இன்றுதான்.

விழாக் கமிட்டித் தங்கப்பன் வழியில் மறித்தார். "அட, பலே அண்ணாச்சியா! ஆளையே காணல்லியே? நீங்க பலேன்னு ஒரு சத்தம் போட்டாத்தானே பாடுறவியளுக்கே ஒரு தெம்பு!"

வைகுண்டராஜன் சிரித்தார். கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை இரண்டு விரலால் தொட்டுக் காட்டினார். முத்துக்கனிதான் சொன்னாள்: "தொண்டையில ஆப்பரேசன். எட்டு மாசம் ஆச்சு. இனி பேச்சு வராது." தங்கப்பன் அவர் கையைப் பிடித்தார். பிடித்த கையை எப்போது விடுவது என்று தெரியாமல் நின்றார்.

குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும், கழுத்தில் ஒரு துவாரம் இருக்கும், அது வழியாகத்தான் இனி மூச்சு என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லி முடித்ததும் வைகுண்டராஜன் கேட்டது ஒரே கேள்வி. "காதுக்கு ஒண்ணும் செய்யாதுல்லா டாக்டர்?" அன்று முத்துக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள், மகள் துபாயிலிருந்து போனில் அழுகிறாள், இந்த மனுசனுக்குக் காது. அந்தக் கோபம் பழையது. மகள் சபிதா பிறந்த அன்றும் அவர் நவராத்திரிக் கச்சேரியில் இருந்தார். மறுநாள் காலையில் பலே போட்டுத் தொண்டை கட்டிப்போய் வந்து, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டே, முந்தின நாள் கேட்ட காம்போதி ராகத்தைப் பற்றிப் பேசினார். தக்கலையில் கம்பியும் சிமெண்டும் விற்கிறவருக்கு இது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவள் கேட்டதும் இல்லை.

ஆப்பரேசனுக்குப் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை. ரேடியோவைத் தொடவில்லை. போன வாரம்தான் நோட்டில் எழுதி நீட்டினார். 'பூதப்பாண்டியில் நந்தனா பாடுது. போகணும்.' அதற்கு அடியில், சின்ன எழுத்தில், 'நீயும் வா.'

நந்தனாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முதல் இரண்டு பாட்டும் முத்துக்கனிக்கு ஒன்றுபோலவே இருந்தன. மூன்றாவதாக நந்தனா சொல்லே இல்லாமல் ராகத்தை மட்டும் இழுக்க ஆரம்பித்தாள். மிருதங்கம் ஓய்ந்திருந்தது. மண்டபம் அடங்கிப்போன அந்த நேரம் பார்த்து வைகுண்டராஜனுக்கு இருமல் வந்தது. வாயால் வராத இருமல். கழுத்துத் துணிக்கு அடியிலிருந்து விசில் போலச் சீறிக்கொண்டு வந்தது.

அவர்களுக்கு முன் வரிசையில் இருந்தவர் திரும்பினார். "சுகமில்லன்னா வெளியில போய் இரியுமே. ஆளுவ பாட்டு கேக்க வந்திருக்கு."

வைகுண்டராஜன் எழுந்துவிட்டார். ஒரு கையால் துணியை அழுத்திக்கொண்டு, மறு கையால் சுற்றிலும் மன்னிப்புக் கேட்பதுபோல் கும்பிட்டார். எப்போது வீட்டுக்குப் போவோம் என்று வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள் முத்துக்கனிதான். ஆனால் அவள் கை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தது.

"இரிங்க."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"இரிங்கன்னு சொல்லுதேன்லா." பிறகு முன்வரிசைக்காரரிடம், "அவியளும் பாட்டு கேக்கத்தான் வந்திருக்காவ. மூச்சு கழுத்து வழியாத்தான் போவுது. சத்தம் கேக்கத்தான் செய்யும்" என்றாள். அந்த ஆள் கழுத்துத் துணியைப் பார்த்தார். மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைகுண்டராஜன் உட்கார்ந்தார். முத்துக்கனி மேடையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் ஏற ஏற அவர் மோவாயும் கூடவே ஏறியது. உச்சியில் போய் அது நின்றபோது அவர் கண் இமைக்கவில்லை. குரல் இறங்கியதும் முன்னாலிருந்து யாரோ "ஆஹா" என்றார்கள். வைகுண்டராஜனின் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. துணி மட்டும் உப்பி அடங்கியது. அவர் வாயை மூடிக்கொண்டு முழங்காலைப் பார்த்தார்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் அவள் கோபப்பட்ட அந்தப் 'பலே' என்ற சொல்லை, அவர் அதைச் சொல்கிற இடத்தில் வைத்து ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

அவருடைய வலது கையை எடுத்துத் தன் மணிக்கட்டின் மேல் வைத்தாள். காதருகே குனிந்தாள். "எப்பம் சொல்லணும்னு எனக்குத் தெரியாது. நீங்க தட்டுங்க. நான் சொல்லுதேன்."

அவர் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.

வயலின்காரர் வாசித்து முடித்ததும் நந்தனா மறுபடி தொடங்கினாள். ஒரு இடம் கேட்க நன்றாக இருந்தது. இதுதான் என்று முத்துக்கனி நினைத்தாள். விரல் அசையவில்லை. இன்னொரு இடம் வந்தது, கைதட்டலே எழுந்தது. அப்போதும் அசையவில்லை. பிறகு, கீழே, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத் தணிந்த குரலில் நந்தனா ஒரு சுரத்தில் வந்து நின்று, மூச்சுவிட்டாள். விரல் விழுந்தது.

"பலே!"

பாதி உடைந்து, நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. தலைகள் திரும்பின. நந்தனா பாட்டை விடாமலே கடைசி வரிசையைத் தேடி, ஒரு அம்மாளைக் கண்டு, லேசாகத் தலை தாழ்த்தினாள். முத்துக்கனிக்குக் காது சுட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விரல் மணிக்கட்டை விட்டுப் போகவில்லை. நாடி துடிக்கிற இடத்தில் அழுந்தி இருந்தது. மேடையில் குரல் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தட்டுக்காக முத்துக்கனி மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டாள்.