நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்து ரொட்டி

முப்பத்தொரு வருடமாக ஸெல்லா லவெல் அந்த வழிகாட்டிப் புத்தகத்தை விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. பாறை ஏறுகிறவர்களுக்கான புத்தகம் அது. எந்தப் பாதை எத்தனை அடி, எங்கே கையை வைப்பது, எங்கே காலை வைக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸெல்லாவுக்கு ஸ்டூல் போட்டு மேல் தட்டிலிருந்து மாவுப் பையை இறக்குவதே போதுமான மலையேற்றம்.

மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்கின்ஸ் ஓடை வளைகிற இடத்தில் கடை. ஆணி, கோழித் தீவனம், ஏறுகிற கயிறு, கம்பளிக் காலுறை எல்லாம் கிடைக்கும். மீன் பிடிக்கிற புழுவும் வெண்ணெயும் ஒரே ஃபிரிட்ஜில் ஒற்றுமையாக இருக்கும். பின்னால் பழைய ஆப்பிள் தோட்டத்தில் கூடாரம் போட இருபத்திரண்டு இடம். அதற்கும் பின்னால் பாறை, சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அக்டோபர் வந்தால் பிட்ஸ்பர்க், வாஷிங்டன் என்று எங்கெங்கிருந்தோ வந்து இறங்குவார்கள். கார் சாவியை ஸெல்லாவிடம் கொடுப்பார்கள், ஈரக் காலுறையை அவள் அடுப்புக்கு மேல் தொங்கவிடுவார்கள், அவர்கள் அம்மாக்கள் கடைக்குத்தான் போன் செய்வார்கள்.

"என் பையன் உயிரோட இருக்கானா, மிஸ் ஸெல்லா?"

"மூணாவது கிண்ணம் பீன்ஸ் ஓடுது. பயப்படாதீங்க."

பீன்ஸ் கேட்டால் கூடவே மக்காச்சோள ரொட்டி ஒரு துண்டு வரும். இரும்புச் சட்டியில் சுட்டது. மாவட்டக் கண்காட்சியில் பதினோரு தடவை முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கிய ரொட்டி. கடைக்கு வருகிறவர்கள் அதைக் காகிதத்தில் சுற்றிப் பத்திரமாகக் கூடாரத்துக்கு எடுத்துப்போவார்கள். ஸெல்லாவுக்கு அதில் ஒரு பெருமை. அந்தத் துண்டு நாலை மூலைக்கு ஒன்றாக வைத்து ஒருவன் புயலில் கூடாரத்தைக் காப்பாற்றினான் என்பதும், இன்னொருவன் சரிவில் நின்ற லாரிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தான் என்பதும் அவள் காதுக்கு வரவில்லை. அவளை எல்லோருக்கும் அவ்வளவு பிடிக்கும்.

அந்த வியாழக்கிழமை பர்ல் ஹாஃப்னர் புதிய பதிப்பின் அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பர்ல் பல் டாக்டர். முப்பது வருடமாக ஆறாம் நம்பர் இடத்தில் கூடாரம் போடுகிறவர். புத்தகத்தைத் தொகுப்பவரும் அவர்தான். வருகிறவர்கள் பிழை இருந்தால் பென்சிலால் குறிக்கலாம், திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போகிறது என்று மேலே எழுதி ஒட்டியிருந்தார்.

பீன்ஸ் கொதிக்க நேரமிருந்தது. ஸெல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சும்மா புரட்டினாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது.

'ஸெல்லாவின் ரொட்டி. எண்பது அடி. தொடக்கம் முதல் முடிவு வரை வறட்சி. பிடித்த இடமெல்லாம் உதிரும். தண்ணீர் எடுத்துச் செல்லவும். முதலில் ஏறியவர்: பர்ல் ஹாஃப்னர்.'

மூன்று தடவை படித்தாள். அதற்குள் பீன்ஸ் அடிப்பிடித்துப் புகை ஓடையைத் தாண்டி, மலையைத் தாண்டிப் போக, பக்கத்து மாவட்டத்துத் தீயணைப்பு வண்டிக்காரர்கள் பூட்ஸ் மாட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் யாரோ, அது ஸெல்லாவின் சமையலறை என்று சொல்லி உட்கார வைத்தார்கள்.

சாயங்காலம் பர்ல் உள்ளே நுழைந்ததும் அந்தப் பக்கத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன பர்ல்?"

"மரியாதை, மிஸ் ஸெல்லா. இங்க நானூறு பாதை இருக்கு. என் பேர்ல எவனும் ஒண்ணுகூட வெக்கல."

"மரியாதையா? உதிரும்னு போட்டிருக்கே."

"பாறை உதிருதுங்க."

"பாறை உதிருதா, ரொட்டி உதிருதா?"

பர்ல் தொப்பியைக் கழற்றி, பதில் அதற்குள் இருப்பதுபோல் பார்த்தார். "ரெண்டும்தான்."

ஸெல்லாவின் கணவர் ஓக்கி விறகுக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

"என் ரொட்டி வறட்சியா, ஓக்கி?"

"நாப்பத்தாறு வருஷமா சாப்பிடறேன். ஒரு நாளும் தொண்டையில நின்னதில்ல," என்றார் ஓக்கி. அவர் ஒரு வாரத்தில் பேசுவது அவ்வளவுதான்.

"கேட்டியா? பேரை மாத்து."

"மாத்த முடியாதுங்க. முதல்ல ஏறினவன் வெச்ச பேர் வெச்சதுதான். முன்னுரையில நானே எழுதியிருக்கேன். நானே மீறினா நாளைக்கு அவனவன் மச்சினி பேரை வெச்சு மாத்துவான்."

"அப்ப வழியே கிடையாதா?"

பர்ல் நேர்மையான மனிதர். அதுதான் அவரிடம் இருந்த ஒரே தொந்தரவு. "ஒண்ணு இருக்கு. நான் ஆணி அடிச்சு, துணி ஏணி தொங்கவிட்டு ஏறினேன். யாராவது ஆணியில தொங்காம, கயித்துல உக்காராம, கையும் காலும் வெச்சே ஏறிட்டா, பேர் வெக்கிற உரிமை அவங்களுக்குப் போயிடும். ஆனா அது நடக்காது. அம்பதடியில பாறை கூரை மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, பல்லி தவறி விழற இடம்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடைக் கதவில் அட்டை தொங்கியது: நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கையாலும் காலாலும் மட்டும் ஏறி முடிப்பவருக்கு வாழ்நாள் முழுவதும் ரொட்டி இலவசம்.

வந்தவர்கள் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் ஸெல்லா கேட்டு எப்படி ஏறாமலிருப்பது? இரண்டு நாளில் நாற்பது பேர் முயன்றார்கள், நாற்பது பேரும் விழுந்தார்கள். கயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. தரையைத் தொட்டவர் யாருமில்லை. தொப்பென்ற சத்தத்துக்கு முதலில் மான்கள் ஓடின, பிறகு திரும்பிப் பார்த்தன, சனிக்கிழமை மதியத்துக்குமேல் மேய்வதை நிறுத்தக்கூட இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் பாறை அடிக்குப் போகாத ஸெல்லா, மடக்கு நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். விழுந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தெம்புக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாள். அதற்கப்புறம் அவர்கள் இன்னும் சீக்கிரமாக விழுந்தார்கள்.

"அந்தக் கூரைக்கு நேர் கீழ போறாங்க, அங்கயே விழறாங்க," என்று பர்லிடம் சொன்னாள். "நாப்பது பேருக்கும் ஒரே மூளையா?"

"என் ஆணி அந்த வழியாத்தானே போகுது."

"அதான் கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டபிறகு, ரொவீனா ப்ளெவின்ஸ் வந்தாள். பதினெட்டு மைல் தள்ளி இருக்கிறவள். மின்சாரக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவள். ஐந்து வருடமாகப் பாறைக்கு வருகிறாள், ஆனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து நேரே பாறைக்குப் போய்விடுவாள். கடையில் அவள் வாங்கியதெல்லாம் ஒரு தடவை தீப்பெட்டி.

"இதுவா எல்லாரும் விழற இடம்?" என்றாள்.

"நீயும் ஒரு தடவை விழுந்துட்டுப் போ, கண்ணு," என்றாள் ஸெல்லா. அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. நாளைக் காலை அச்சகம். அப்புறம் அவளுடைய ரொட்டி வறட்சி என்பதை அவளே கல்லாவில் நின்று, காகிதத்தில் சுற்றி, சிரித்த முகமாக விற்க வேண்டும்.

ரொவீனா கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினாள். அவசரமே இல்லை, கம்பத்தில் ஏறி விளக்கு மாற்றப் போகிறவள் மாதிரி. கூரைக்குக் கீழே வந்ததும் மற்றவர்கள்போல மேலே பாயவில்லை. குதிகாலைப் பக்கவாட்டில் ஒரு மடிப்பில் மாட்டி, வலது பக்கம் நகர்ந்து, அங்கிருந்த ஒரு பொந்துக்குள் அலமாரிக்குள் புகுந்த பூனைபோல் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டாள். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மூக்கைச் சிந்தினாள். கீழே எண்பது கண்கள். பிறகு பொந்தின் மறுபக்கம் வழியாகக் கூரையின் விளிம்பைப் பிடித்து, முட்டியை மேலே போட்டு, மறைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உச்சியிலிருந்து குரல் வந்தது.

"இப்ப எந்தப் பக்கமா இறங்கறது?"

ஸெல்லா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி தானாக மடங்கிக்கொண்டது. ஆனால் பர்ல் கையைத் தூக்கினார்.

"பாதையை விட்டு விலகிப் போயிட்டா. என் ஆணியிலேர்ந்து கை நீட்டற தூரத்துக்குள்ள இருந்தாத்தான் அதே பாதை."

"யாரோட கை?" என்றாள் ஸெல்லா.

"ஏறினவங்க கை."

பர்லே இன்னொரு கயிற்றில் தொங்கி, அளவு நாடாவோடு பொந்துக்குப் போனார். ரொவீனாவை நிறுத்தி அவள் கையையும் அளந்தார். கம்பத்தில் தொங்கித் தொங்கி நீண்ட கை அது. நின்றபடியே முழங்காலைச் சொறியலாம். அரை அங்குலம் மிச்சம் இருந்தது. பர்ல் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "அதே பாதைதான்," என்றார், தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்ட குரலில்.

எல்லோரும் கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். பர்ல் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்து, பென்சிலோடு காத்திருந்தார்.

"சொல்லு ரொவீனா. என்ன பேர்?"

ஸெல்லா பக்கத்தில் நின்று, யாருக்கோ சொல்வதுபோல், "நீல ரிப்பன்னு வெக்கலாம்," என்றாள்.

"ரொட்டி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதே," என்றாள் ரொவீனா. "அடுத்தவங்க வீட்டு ரொட்டியைத் தொடக் கூடாதுன்னு எங்கம்மா வளர்த்துட்டாங்க. பேர் வெக்கணும்னா சாப்பிட்டுப் பாத்துதானே வெக்கணும்."

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள். ஸெல்லா சட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்தாள். தட்டு டங்கென்றது. ரொவீனா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், விரலால் தட்டிக்கூடப் பார்த்தாள். ஸெல்லா வெட்டிய கத்தியைக் கீழே வைக்காமலே நின்றாள். நீல ரிப்பன் கொடுத்த நடுவர்கள் முன்னால்கூட அவள் இப்படி நின்றதில்லை.

"மோர் இருக்கா?" என்றாள் ரொவீனா.

"இல்லாம?" என்றாள் ஸெல்லா. கடைக்குக் கூரை இருக்கிறதா என்று கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு. புழு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து, வீட்டு மாட்டுப் பாலில் கடைந்த மோர் ஜாடியை எடுத்தாள்.

ரொவீனா உயரமான கிளாசில் ரொட்டியை உதிர்த்துப் போட்டு, மோரை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஸ்பூனால் சாப்பிடத் தொடங்கினாள். பாதி கிளாஸ் காலியானதும் நிமிர்ந்தாள்.

"சரியாக் காஞ்சிருக்கு. இப்படிக் காஞ்சிருந்தாத்தான் மோரை உறிஞ்சும். எங்க வீட்டுல சுடறது கொழகொழன்னு போயிடும்."

பர்லின் பென்சில் காகிதத்தில் ஒரு கோடு இழுத்து நின்றது.

"மோரா?" என்றார். "மோர் ஊத்தியா சாப்பிடணும்?"

ஸெல்லா அவரைப் பார்த்தாள், பிறகு மற்ற முகங்களைப் பார்த்தாள். "பின்ன இத்தனை வருஷமா நீங்கல்லாம் எதுல போட்டுச் சாப்பிட்டீங்க?"

"வாயில," என்றார் பர்ல்.

"வெறுமனயா?"

"வெறுமன."

"அட பாவிகளா. கூடாரத்துக்கு எடுத்துட்டுப் போறீங்களேன்னு நான் பாத்துட்டே இருப்பேன். வண்டி வண்டியா ஐஸ் வாங்கினீங்களே, அது மோருக்கு இல்லயா?"

"பீருக்கு, மிஸ் ஸெல்லா," என்றான் பிட்ஸ்பர்க்காரன் ஒருவன், மிகவும் மெதுவாக.

ஸெல்லா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொரு வருடம், வருடத்துக்கு இத்தனை ஆயிரம் துண்டு, அத்தனையும் வெறும் தொண்டை வழியாக. செத்தவர் யாருமில்லை என்பதே ஆச்சரியம். ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றிருக்கிறார்கள், மறுபடி மறுபடி வந்திருக்கிறார்கள். திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மோரும் ரொட்டியும்," என்றாள் ரொவீனா. "அதான் பேர். எழுதிக்குங்க டாக்டர்."

பர்ல் பழைய பெயரை அடித்தார். 'ஸெல்லாவின்' என்பதன் மேல் பென்சில் போய் வந்ததை ஸெல்லா பார்த்தாள். மூன்று நாளாக அதற்காகத்தான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது நடந்தபோது, தன் தபால் பெட்டியிலிருந்து யாரோ பெயர்ப் பலகையைக் கழற்றியதுபோல் இருந்தது. எல்லோர் பையிலும் இருக்கப்போகிற புத்தகம். இனிமேல் அதில் அவள் கிடையாது.

கேட்காமலே ரொவீனாவின் கிளாசை நிரப்பினாள்.

"பேர் நல்லாத்தான் இருக்கு, கண்ணு. ஆனா யாரு ரொட்டி, யாரு மோர்னு வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? வேற கடைக்குப் போயிட்டான்னா?"

"வேற கடை பதினெட்டு மைல்ல இருக்கு," என்றார் பர்ல். "பேரை எடுக்கணும்னு நாப்பது பேரை விழ வெச்சீங்க. இப்ப திருப்பி வெக்கணுமா?"

"உன்னை யார் கேட்டா? பேர் வெக்கிற உரிமை அவளுக்கு. நீதான் முன்னுரையில எழுதியிருக்கே."

ரொவீனா கிளாசின் அடியை ஸ்பூனால் சுரண்டினாள். "ஸெல்லாவின் மோரும் ரொட்டியும்," என்றாள். "இடம் பத்துமா டாக்டர்?"

"நெருக்கி எழுதலாம்." பர்ல் எழுதினார். எழுதிவிட்டு, ஸெல்லாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இந்த வறட்சிங்கறதை என்ன பண்ண? எடுத்துடவா?"

ஸெல்லா யோசித்தாள். "பாறை வறட்சிதானா?"

"பாறை வறட்சிதாங்க."

"அப்ப இருக்கட்டும். புத்தகத்துல பொய் எழுதக் கூடாது."

அதற்குள் கல்லாவிலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து ஆப்பிள் மரங்கள் வரைக்கும் வரிசை நின்றுவிட்டது, ஆளுக்கொரு கிளாசோடு. கிளாஸ் கிடைக்காதவர்கள் தலைக்கவசத்தைத் திருப்பிப் பிடித்திருந்தார்கள். ஜாடியில் மிச்சம் இருந்தது அரை அங்குலம். ஓக்கி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"மாட்டுக்கிட்ட பேசிப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.