ராசாவுக்குக் கொண்டுபோன தட்டு

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பேதுரு, கொச்சிக்கடைத் திருநாள் கூத்தில் ராசா வேடம் போட்டு, இறந்த மகனை மடியில் கிடத்திப் பாடினான். முன்வரிசையில் இருந்த நான் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தேன். என் மகள் டோரின் அதைக் கண்டுவிட்டாள். தன் ஓவியக் கண்காட்சிக்கு அந்த முகத்தைத்தான் வரையப்போவதாக மறுநாள் சொன்னாள்.

"கொட்டாஞ்சேனையில வேற முகமே இல்லையோ?"

"உங்களை அழவைச்ச முகம் வேற இருக்கோ, அப்பா?"

கலியாணமாகாத பெண் ஒரு வாலிபன் முன்னால் இருந்து அவனை வரைவது எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. ஆனாலும் அவனை அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்தேன். அழைப்பவன் வீட்டுத் தலைவனாக இருக்க வேண்டும். கூத்துக்காரனை வெற்றிலை வைத்துத்தான் அழைக்க வேண்டும். அதில் குறை வைக்க நான் விரும்பவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சுங்கக் கந்தோரில் வேலை பார்த்த காலத்துக் கறுப்புக் கோட்டோடு புறப்பட்டேன். வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, கதலிப்பழம், கற்கண்டு. மேலே லேஸ் துணி. அவன் குடியிருந்த வரிசை வீடுகளின் முற்றத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பேதுருவின் தாய் கொன்ஸ்ரன்ஸ் தட்டைப் பார்த்தாள். பிறகு என் கோட்டைப் பார்த்தாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்தோனியாரே! ஐயா, நாங்கள் இல்லாத சனம். உங்கட பிள்ளைக்கு எங்கட பேதுருவோ?"

அப்போதுதான் உறைத்தது. பெண்ணைப் பெற்ற நான், கலியாணமாகாத ஆண்பிள்ளை இருக்கும் வீட்டு வாசலில் தட்டோடு நிற்கிறேன்.

"டேய் பேதுரு, ஓடி வா! ராசா வேசம் பலிச்சிட்டுது. கந்தோர் ஐயா மாப்பிள்ளை கேட்டு வந்திட்டார்!" என்று ஒருத்தி கத்தினாள். முற்றமே சிரித்தது.

மறுத்தால் அந்தத் தாய்க்கு எல்லார் முன்னாலும் அவமானம். பேசாமல் நின்றால் என் மகளின் பெயர் போய்விடும்.

பேதுரு இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தபடி வெளியே வந்தான்.

"என்ன ஐயா?"

"மகள்... உன்ர படம் கீற ஆசைப்படுறாள்."

அவன் லேஸ் துணியை விலக்கி ஒரு வெற்றிலையை எடுத்தான்.

"என்னடி சிரிப்பு? கூத்துக்காரனுக்கு வெத்திலை வைக்கிறது தெரியாதோ? ஐயா என்ர படம் கீறக் கூப்பிட வந்திருக்கிறார்."

சிரிப்பு அடங்கியது. அவன் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்:

"ஆனா நான் வரேல்லை, ஐயா. இனி உங்கட படி ஏறினா இதுகள் வாய் மூடாது. டோரின் தங்கச்சியின்ர பேர் கெட்டிடும்."

தட்டோடு திரும்பியிருக்கலாம். மானம் மிஞ்சியிருக்கும். மகளுக்குக் கொடுத்த வாக்கு மிஞ்சியிருக்காது. முற்றம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்:

"வெத்திலை எடுத்தவன் வரத்தான் வேணும். அடுத்த ஞாயிறு பூசை முடிய வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா." பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தேன். "நீங்களும் வரலாம். என்ர வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும்."

அடுத்த ஞாயிறு அவன் ராசா உடுப்போடு வந்தான். முன் விறாந்தையில் தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தேன். கொன்ஸ்ரன்ஸ் ஒரு பக்கம், கோட்டோடு நான் மறுபக்கம். வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது.

டோரின் அவன் முகத்தைப் பார்த்தாள். நான் தெருவில் நின்ற ஒவ்வொரு முகத்தையும், அது குனியும் வரை பார்த்தேன்.