தம்பி தூக்கிய கை

ஏசுதாசனுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் அவனுடைய அக்கா சுந்தரபாய். வெகுகாலம் நடக்காமல் இருந்த உள்ளாட்சித் தேர்தல் எண்பத்தாறாம் வருஷம் மறுபடி வந்தபோது, வாகைநேரிப் பேரூராட்சியில் குளத்துத் தெரு வார்டுக்கு அவன் குடை சின்னத்தில் நின்றான். சங்கரன்கோவிலில் புளியங்குடி பஸ் ஏறினால், கண்டக்டர் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர் அது.

அந்தத் தேர்தலில் குளத்துத் தெருவுக்கு இருந்தது ஒரே ஒரு கவலை, கரைப் பொட்டல். தெருவுக்கும் குளத்துக்கும் நடுவே கிடந்த அந்த இடத்தைப் பருத்தி ஜின்னிங் மில் முதலாளி ஒருவர் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரூராட்சி கொடுத்துவிடும் என்று பேச்சு.

பொட்டல் என்றுதான் பெயர். ஆனால் அது சும்மா கிடந்த நாள் கிடையாது. விடிந்ததும் தறிக்காரர்கள் அங்கே நெசவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுவார்கள். வெயில் ஏறி அவர்கள் சுருட்டிக்கொண்டு போனதும் மாடுகள் இறங்கும். பெண்கள் அதன் வழியாகத்தான் படித்துறைக்குப் போய்த் துவைத்துக் குளித்து வருவார்கள். கல்யாணப் பந்தல், தர்கா கந்தூரிச் சாப்பாடு, அம்மன் கோவில் கொடைவிழா, கிறிஸ்துமஸ் நாடகம் எதுவானாலும் பொட்டலில்தான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

சுந்தரபாய் புருஷனை இழந்தவள். ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள். அவள் வீட்டுக்கு எதிர்வீடு தறிக்கார மைதீனுடையது. மைதீன் மனைவி கதீஜம்மாளும் அவளும் ஒன்றாகத்தான் படித்துறைக்குப் போவார்கள். அன்று நோட்டீசோடு சுந்தரபாய் வாசலில் வந்து நின்றதும் கதீஜம்மாள் நூல் சுற்றுவதை நிறுத்தினாள்.

"ஏட்டி சுந்தரம், ஒந்தம்பி ஜெயிச்ச பெறவு நம்ம பக்கம் நிப்பானா? படிச்சவன், நாலு பெரிய மனுசங்க கூடப் பழகுதவன்."

"கதீஜாக்கா, எங்கம்மா அந்தப் பொட்டல்ல எரும மேச்சுல்லா அவனப் படிக்க வச்சா. அவனுக்கு மறக்குமா? அவனுக்கு நான் ஜவாப்தாரி. போதுமா?"

"போதும். அவனுக்காக இல்ல, ஒனக்காகப் போடுதேன். எங்க தறிக்காரங்ககிட்டயும் சொல்லுதேன்."

சொன்னபடியே செய்தாள். தறிக்காரர்கள் ஓட்டு மொத்தமும் குடைக்கு விழுந்தது. ஏசுதாசன் ஜெயித்த அன்று மைதீன்தான் முதலில் மாலை போட்டார். அவன் பொட்டலில் நின்று, தான் உறுப்பினராக இருக்கும்வரை இதில் ஒரு பிடி மண்ணை யாரும் தொட முடியாது என்று பேசினான். சுந்தரபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா இருந்து பார்க்கவில்லையே என்று இருந்தது.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. தெருவுக்குக் குழல் விளக்கு வந்தது. அடைத்துக் கிடந்த சாக்கடையை ஏசுதாசன் கூடவே நின்று தோண்ட வைத்தான். ஆடி முடிந்ததும் பொட்டல் விஷயம் கூட்டத்துக்கு வருகிறது என்று தெரிந்தது. சுந்தரபாய் கேட்டபோது அவன் சிரித்தான்.

"நான் இருக்கேன்லாக்கா. நீ ஏன் பதறுத?"

கூட்டத்தன்று தெருவே பேரூராட்சி ஆபீஸ் வாசலில் நின்றது. ஜன்னல்கள் திறந்திருந்தன. சுந்தரபாயும் கதீஜம்மாளும் ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நெரிசலில் தடுமாறாமல் இருக்கக் கதீஜம்மாள் சுந்தரபாயின் தோளைப் பிடித்திருந்தாள். தலைவர் தீர்மானத்தை வாசித்தார். உபயோகமில்லாமல் முள்மண்டிக் கிடக்கும் குளத்தங்கரை நிலத்தை ஊர் வளர்ச்சிக்காக ஏலத்தில் விற்பது என்றது தீர்மானம்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசி நாற்காலியில் இருந்த ஏசுதாசனும் கையைத் தூக்கினான். எழுந்து பேசத்தான் கை தூக்குகிறான் என்று சுந்தரபாய் நினைத்தாள். எழுந்திருப்பான், இப்போது எழுந்திருப்பான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. தலைவர் எண்ணி முடித்து, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றதும் கையை இறக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டான். ஜன்னல் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

வெளியே கூச்சல் எழுந்தது. யாரோ செருப்பை எறிந்தார்கள். கதீஜம்மாள் சுந்தரபாயின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய்விட்டாள். ஏசுதாசன் பின்வாசல் வழியாக எப்போதோ போயிருந்தான்.

சுந்தரபாய் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். வாசலில் அவன் மனைவி ஞானதீபம் நின்றிருந்தாள். கஞ்சி போட்ட சேலை, தோளில் பை, கையில் குடை. எங்கேயோ போய்விட்டு அப்போதுதான் வந்தவள்போல் வியர்த்திருந்தாள். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவள் அவள்.

"எங்க போயிட்டு வார?"

ஞானதீபம் குனிந்துகொண்டாள். "பள்ளிக்கூடத்துக்கு மைனி. திங்கக்கெழமைல இருந்து போறேன். அவங்க சொல்லலியா?"

"எந்தப் பள்ளிக்கூடம்?"

ஞானதீபம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சுந்தரபாய்க்குப் புரிந்துவிட்டது. ஜின்னிங் மில் முதலாளி நடத்துகிற பள்ளிக்கூடம் ஒன்று அந்த வட்டாரத்தில் இருந்தது.

உள்ளே ஏசுதாசன் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"ஏலே தாசா, என்ன காரியம்லே செஞ்ச?"

"அக்கா, நான் ஒருத்தன் மாட்டேன்னு சொன்னா நின்னுருமா? எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. நான் கை தூக்கலன்னாலும் அது விக்கத்தான் போவுது."

"விக்கட்டும். நீ தூக்காம இருந்துருக்கலாம்லா."

"இருந்திருந்தா எனக்கு என்ன கெடைக்கும்? தெருவுல நாலு பேரு மெச்சுவான். இவ எத்தன வருசம் வீட்டுல கெடந்தா, ஒனக்குத் தெரியாதா? கவர்மெண்ட் வேல வரும் வரும்னு பாத்து வயசு ஏறிப்போச்சு."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லலே. அக்கா, இப்படி ஒரு வேல வருது, நான் மாறப் போறேன்னு. நான் காலுல விழுந்து தடுத்திருப்பேன், இல்லன்னா தெருக்காரங்ககிட்டயாவது மொதல்லயே சொல்லியிருப்பேன். ஜன்னல்ல நின்னு பாக்க வச்சியே."

ஞானதீபம் தண்ணீர் செம்போடு வந்து நின்றாள். சுந்தரபாய் அதை வாங்காமல் வெளியேறினாள்.

ஏலத்தன்று அதைத் தடுக்கத் தெருப் பெண்கள் பொட்டலில் மறித்து உட்கார்ந்தார்கள். சுந்தரபாயும் போய் உட்கார்ந்தாள். இரண்டு வீடு தள்ளியிருக்கும் இசக்கியம்மாள் அவளைப் பார்த்ததும் சத்தமாகவே கேட்டாள்.

"இவ எதுக்கு இங்கன வாரா? தம்பிக்குச் சேதி கொண்டு போறதுக்கா?"

யாரும் இசக்கியம்மாளைத் தடுக்கவில்லை. கதீஜம்மாள் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்விடலாமா என்று சுந்தரபாய்க்கு இருந்தது. போனால் இசக்கியம்மாள் சொன்னது சரியென்று ஆகிவிடும். காலை மடக்கிக்கொண்டு அங்கேயே இருந்தாள். போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றியது. சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். சாயங்காலம் அவர்களை வெளியே விடுவதற்குள் பொட்டல் கைமாறிவிட்டது.

மைதீனும் இன்னும் சிலரும் சேர்ந்து சங்கரன்கோவில் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஊரே புழங்கிய இடம், விற்றது செல்லாது என்பது அவர்கள் கேட்டது. அப்படி யாரும் புழங்கவில்லை என்பது மில்லும் பேரூராட்சியும் சேர்ந்த எதிர்த்தரப்பின் வாதம். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் வருஷம் மாறிவிட்டது. அந்தக் காலம் முழுக்கச் சுந்தரபாய் தனியாகத்தான் படித்துறைக்குப் போனாள். தைக்கத் துணி கொண்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். கதீஜம்மாள் எதிர்ப்பட்டால் விலகி வழிவிடுவாள். வைதிருந்தால்கூடச் சுந்தரபாய்க்குத் தேவலை போலிருந்திருக்கும்.

எதிர்த்தரப்புச் சாட்சியாக ஏசுதாசன் கூண்டில் ஏறினான். சுந்தரபாய் கோர்ட் வராந்தாவில் பெண்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி அந்த வார்டு உறுப்பினர், அந்தத் தெருவில் பிறந்தவன், அவன் சொல்லுக்கு எடை அதிகம் என்று மைதீனின் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.

"அந்த இடத்தை ஜனங்கள் உபயோகிப்பது உண்டா?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"இல்லை. வெறும் முள்ளுக்காடு. பாம்புக்குப் பயந்து யாரும் போவதில்லை."

"கால்நடை மேய்வது உண்டா?"

"நான் பார்த்ததில்லை."

கோர்ட்டில் அவன் அச்சடித்த தமிழில் பேசினான். எருமை வாலைப் பிடித்துக்கொண்டு அவன் அந்தக் குளத்தில் நீந்தப் பழகினான். அம்மா அந்தப் பொட்டலில் சாணி பொறுக்கித் தட்டி விற்றுத்தான் அவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டை எடுத்தாள். கை தூக்கியதற்காவது ஒரு வேலை, ஒரு சம்பளம் என்று அவன் காரணம் சொன்னான். இதற்கு என்ன சொல்வான்? அம்மா அங்கே நின்றதே இல்லை என்றல்லவா சொல்கிறான்.

இடைவேளையில் அவள் மைதீனிடம் போனாள். பக்கத்தில் கதீஜம்மாளும் இசக்கியம்மாளும் இருந்தார்கள்.

"மைதீன் அண்ணாச்சி, வக்கீல்கிட்ட சொல்லுங்க. நான் சாட்சி சொல்லுதேன்."

மைதீன் தயங்கினார். "யோசிச்சுக்கிடும்மா. கூடப் பொறந்தவன். நாளைக்கி ஒங்களுக்குன்னு இருக்கது அவன்தான்."

"யோசிச்சுட்டேன்."

அடுத்த வாய்தாவில் அவள் கூண்டில் ஏறினாள். எருமை மேய்த்தது, பாவு நீட்டியது, பந்தல் போட்டது எல்லாவற்றையும் தன் பேச்சிலேயே சொன்னாள். எதிர் வக்கீல் எழுந்தார்.

"ஏசுதாசன் உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப் பொறந்த தம்பி."

"உங்கள் இருவருக்கும் குடும்பச் சண்டை. அதனால்தான் அவருக்கு எதிராக வந்திருக்கிறீர்கள்."

"எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இருந்ததில்ல அய்யா. அவன் கை தூக்குத வரைக்கும் இல்ல."

"அப்படியானால் அவர் சொன்னது பொய் என்கிறீர்களா?"

ஏசுதாசன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கக் கூடாது என்றுதான் சுந்தரபாய் வந்திருந்தாள். பார்த்துவிட்டாள். சின்ன வயதில் அடி விழப்போகும்போது முகத்தை வைத்துக்கொள்வதுபோல வைத்திருந்தான்.

"ஆமா. பொய்."

கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்தாள். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதீஜம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். சோடாக் கடையில் வாங்கிய கலர் பாட்டிலை நீட்டினாள்.

"குடிட்டி. வாயெல்லாம் வறண்டு போச்சு ஒனக்கு."

தீர்ப்பு பாதிதான் கிடைத்தது. படித்துறைக்குப் போகும் உரிமை ஊருக்கு உண்டு, அதற்கு ஒரு மாட்டுவண்டி போகுமளவு பாதை விட வேண்டும், மற்றபடி விற்பனை செல்லும் என்று வந்தது. மேல்முறையீட்டுக்குத் தெருவில் யாருக்கும் தெம்பில்லை. மில் சுவர் எழும்பியது. மாடுகளை விற்றார்கள். தறிக்காரர்கள் தெருவிலேயே பாவு நீட்டிப் பார்த்தார்கள். சைக்கிளும் வண்டியும் வந்து போகிற தெருவில் அது நடக்கவில்லை. கடையநல்லூரில் மைதீனுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர் தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்.

கதீஜம்மாளை வழியனுப்ப சுந்தரபாய் பஸ் நிறுத்தம்வரை போனாள். பஸ் வரும் சத்தம் கேட்டதும் கதீஜம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"அத்தன நாளும் ஒங்கிட்டப் பேசாம இருந்துட்டேன். இந்த ஊர விட்டுப் போறதவிட அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

"நீ என்னய நம்பித்தானக்கா ஓட்டுப் போட்ட?"

"ஒன்ன நம்பினதுல தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதீஜம்மாள் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் போனபின் திரும்பினால், டீக்கடை ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி ஏசுதாசன் நின்றிருந்தான். கோர்ட்டுக்குப் பிறகு அவனை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்க்கவில்லை. காதோரம் நரைத்திருந்தது.

"அக்கா, எத்தன நாளைக்கி இப்படி? வீட்டுக்கு வா. அத்தன பேருக்கு முன்னால பொய்யன்னு சொன்ன. அதுக்கு எனக்கு வருத்தம்தான். ஆனா நான் அத மனசுல வச்சுக்கிடல. ஒன்ன மன்னிச்சுட்டேன்."

சுந்தரபாய் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவன் நடிக்கவில்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னான். தான்தான் மன்னிக்க வேண்டிய இடத்தில் இருப்பதாக அவன் நம்பினான். கை தூக்கிய அன்றும் கூண்டில் நின்ற அன்றும் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

"ஏன்க்கா அழுத?" என்றான் அவன் நிஜமாகவே பதறி.

"ஒண்ணுமில்ல. நீ போலே" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். கொஞ்ச தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.