கோணல் தையல்

சனிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் யோசெப்பினுக்கு மூச்சுவிடக் கிடைக்கும். கொட்டாஞ்சேனை மாதா கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடி, மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த பெண்களுக்காகத் துணிப்பை தைப்பார்கள். புண்ணிலிருந்து நீர் வடிகிற போத்தலை அந்தப் பெண்கள் கொஞ்ச நாளைக்குக் கூடவே கொண்டு திரிய வேண்டும். பஸ்ஸில் நாலு பேர் வாய் பார்க்காமல் அதைத் தோளில் மாட்டிக்கொள்ளத்தான் இந்தப் பை.

வீட்டில் அவளுக்கு ஓய்வு ஏது? கணவர் பீற்றர் துறைமுகத்தில் காலமெல்லாம் மூட்டைகளின் தையல் பிரித்த மனுஷன். மறதி நோய் வந்து, மனைவியின் பெயரே சில நாள் நினைவில் இருக்காது. கை மட்டும் பழைய வேலையை மறக்கவில்லை. சட்டைப் பொத்தான், திரைச்சீலை, தலையணை உறை, எது அகப்பட்டாலும் பிரித்துப் போட்டுவிடும். சனிக்கிழமைகளில் அவரைப் பார்த்துக்கொண்ட தங்கை தெஹிவளைக்கு வீடு மாறிப் போனதும், யோசெப்பின் அவரையும் மண்டபத்துக்குக் கூட்டிவந்து ஒரு மூலையில் இருத்தினாள். வேறு வழி?

முதல் நாளே வினை. பெண்கள் பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பினால், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அடுக்கி வைத்த பைகள் அத்தனையும் வெறும் துண்டுகளாகக் கிடந்தன. பீற்றர் ஊசியும் கையுமாக வெகு திருப்தியோடு இருந்தார்.

யோசெப்பினுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. பாலேஸ்வரி வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளவத்தையிலிருந்து வந்து இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். ஒரு தையல் நூலளவு கோணினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "வார் அறுந்து போத்தல் விழுந்தா நோவு ஆருக்கு?" என்று கேட்டுப் பிரிக்க வைப்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிறபோது எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வரும்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. இனி நான் வரேல்ல," என்றாள் யோசெப்பின்.

பாலேஸ்வரி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை.

"நிலூஷா, நீர் பிரிச்சாத் துணி சல்லடையாப் போகும். இதைப் பாரும்!" என்று கூட்டத்தில் இளையவளிடம் காட்டிவிட்டு, யோசெப்பினிடம் திரும்பினார். "இந்த மனுஷனை இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீர்? பிரிக்கிற வேலைக்கு ஆள் இல்லாம நாங்கள் படுற பாடு!"

அன்றிலிருந்து பிழையாய்ப் போன தையல் எல்லாம் பீற்றருக்கு. நிலூஷாவுக்கு ஒரே கொண்டாட்டம். யோசெப்பினும் நிம்மதியாகத் தைத்தாள்.

ஆனால் பாலேஸ்வரியின் கண்டிப்பு வீண்போகவில்லை. மாதங்கள் போக, நிலூஷாவின் தையல்கூட நேராகிவிட்டது. ஒரு சனிக்கிழமை பிரிக்க ஒன்றுமே இல்லை. பீற்றரின் கை மெல்ல நல்ல பைகளின் பக்கம் போனது. யோசெப்பின் அவரை அவசரமாக வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மண்டபத்துக்கு வருவது இத்தோடு சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை, தன்னிடம் இருந்த மண்டபத்துக் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு நேரத்தோடு போனாள். உள்ளே பாலேஸ்வரி மட்டும் மெஷினில் இருந்தார். அவர் தைத்த தையல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடியது. பக்கத்தில் அதேபோல் ஒரு குவியல்.

"என்னக்கா இது?"

பாலேஸ்வரிக்குக் களவு பிடிபட்ட முகம்.

"கோணலாத் தைக்கிறது லேசில்ல, யோசெப்பின். பாழாய்ப்போன கை நேராத்தான் போகுது."

இந்த மனுஷியையா இவ்வளவு காலமும் சிடுமூஞ்சி என்று நினைத்தோம் என்றிருந்தது யோசெப்பினுக்கு.

பீற்றர் அதற்குள் ஒரு பையை எடுத்துப் புரட்டி முகம் சுளித்தார்.

"ஆர் இதைத் தைச்சது? வேலை தெரியாத ஆக்கள்!"

ஊரார் தையலுக்கெல்லாம் குறை சொன்ன பாலேஸ்வரி எழுந்து அவர் முன்னால் கைகட்டி நின்றார்.

"நான்தான் ஐயா. பிழைதான். பிரிச்சுத் தாங்கோ, திரும்பத் தைக்கிறன்."

யோசெப்பின் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுத் தன் மெஷினில் உட்கார்ந்தாள். கண் கலங்கி ஊசி இருந்த இடமே தெரியவில்லை. கோணினால் கோணட்டும், பிரிக்க ஆள் இருக்கிறது.